பெயர் வைக்க முடியாத இசை!
பாக், தியாகராஜர் இருவரையும் ஒரே அறைக்கு அழைத்து வந்த பண்ணைப்புரத்துக்காரர்

புதுச்சேரி நகரின் தென்புறத்தில் இருக்கிறது, முதலியார்பேட்டை. கடலூர் சாலையில் போய் வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம். 1898-ல் தொடங்கிய ஏ.எப்.டி. மில் இங்கேதான் இருந்தது. 2020-ல் அந்த மில் மூடப்பட்டது.

1986-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மில்லில் சங்கு ஊதுகிறது. ஷிப்டு முடிந்து அப்பா வீட்டுக்கு வருகிறார். திண்ணையில் ஒரு டேப் ரிக்கார்டர். மகன் புதிதாக ஒரு நாடாவைப் போடுகிறான்.

"யார் பாட்டு?"

"இளையராஜா."

"எந்தப் படம்?"

இங்கேதான் சிக்கல்! அந்த நாடாவில் படம் இல்லை. பாடகர் இல்லை. பாடகி இல்லை. ஒரு வார்த்தை கூட இல்லை. வெறும் வயலின்களும் மற்ற வாத்தியங்களும் மட்டுமே. அதன் பெயரோ இன்னும் விசித்திரமானது. "ஹவ் டு நேம் இட்?" இதற்கு என்ன பெயர் வைப்பது என்பது அதன் பொருள். பெயரே ஒரு கேள்வி!

அந்த வருடம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதைப் போன்ற திண்ணைகள் பல இருந்திருக்கும்.

சினிமா இல்லாத பாட்டா?

நம் ஊரில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அதை விட்டால் கோவில் பாட்டு, கச்சேரிப் பாட்டு, வயல் பாட்டு. ஓர் இசை அமைப்பாளர் தாமாக உட்கார்ந்து, எந்தப் படத்துக்கும் இல்லாமல், தம் மனதில் தோன்றியதை எழுதி வெளியிடுவது அப்போது மிகவும் அபூர்வம்.

மேல்நாடுகளில் அப்படி இல்லை. அங்கே பாடகர் குழுக்கள் உண்டு. பத்துப் பாட்டுகளைச் சேர்த்து ஓர் இசைத்தட்டாக வெளியிடுவார்கள். அதற்கு "ஆல்பம்" என்று பெயர். சுவீடன் நாட்டில் "ஆபா" என்று ஒரு குழு. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். இரண்டு ஜோடிகளும் கணவன் மனைவி. 1974-ல் இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் "வாட்டர்லூ" என்ற பாட்டைப் பாடி முதல் பரிசு பெற்றார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் அவர்கள் பாட்டுத்தான்.

ஆனால் அவர்கள் வீட்டில் சமாதானம் இல்லை. இரண்டு திருமணங்களும் முறிந்தன. அந்த வருத்தத்தோடு வந்தது, 1981-ல் "தி விசிட்டர்ஸ்" என்ற இசைத்தட்டு. ஆட வைக்கும் பாட்டுகளை எதிர்பார்த்தவர்கள் அதைக் கேட்டுத் திகைத்தார்கள். முந்தைய தட்டுகள் போல விற்கவில்லை. அடுத்த ஆண்டு, ஜெர்மனியில் முதன்முதலாகத் தயாரான "காம்பாக்ட் டிஸ்க்"குகளில் அதுவும் ஒன்று என்ற பெருமை மட்டும் கிடைத்தது. பின்னால் வந்தவர்கள்தான் அதை நிதானமாகக் கேட்டு, "இதுவும் நல்ல வேலைதான்" என்றார்கள். அந்தக் குழு அடுத்த புதிய ஆல்பத்தை வெளியிட நாற்பது வருடம் ஆயிற்று. 2021-ல்தான் வந்தது!

பழக்கப்பட்ட கலைஞர் பழக்கமில்லாத ஒன்றைத் தந்தால் கேட்கிறவர்களுக்கு முதலில் கோபம் வரும். அல்லது குழப்பம் வரும். சுவீடனில் நடந்தது இங்கும் நடந்தது.

யார் இந்த ராஜா?

இளையராஜா பிறந்தது 1943-ல். மதுரைப் பக்கம் பண்ணைப்புரம். இன்று அது தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடுகிறவர். அண்ணனோடு தம்பிகளும் ஊர் ஊராகப் போனார்கள். ஆர்மோனியம் வாசித்தார்கள். எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் பாடினார்கள்.

பிறகு சென்னை. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்று ஒரு வாத்தியார் இருந்தார். மேல்நாட்டு இசையைத் தாளில் எழுதவும் படிக்கவும் சொல்லிக் கொடுப்பவர். அவரிடம் ராஜா பாடம் கேட்டார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் பரீட்சை எழுதினார். தங்கப் பதக்கம் கிடைத்தது! ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார்.

1976-ல் "அன்னக்கிளி" வந்தது. அதன் கதை எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த பத்து வருடத்தில் அவர் இல்லாத படம் இல்லை என்ற நிலை. 1985-ல் "சிந்து பைரவி". கர்நாடக இசைதான் அந்தப் படத்தின் கதையே. அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. பணம் இருந்தது, புகழ் இருந்தது. காலையிலிருந்து இரவு வரை ஒலிப்பதிவு இருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த வேலையைச் செய்தார். விற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஆனால் தவறினால் பெயர் கெட்டுவிடும். "சினிமாக்காரருக்கு இது எதற்கு?" என்று சொல்லப் பலர் காத்திருந்தார்கள்.

இரண்டு பெரியவர்கள்

இந்தத் தொகுப்பை அவர் இரண்டு பேருக்குக் காணிக்கை ஆக்கினார். ஒருவர், திருவையாறு தியாகராஜர். மற்றவர், ஜெர்மனியில் பிறந்த ஜோகான் செபாஸ்தியன் பாக்.

பாக் பிறந்தது 1685-ல். பத்து வயதுக்குள் தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். அண்ணன் வளர்த்தார். அண்ணனிடம் ஓர் இசை ஏடு இருந்ததாம். தம்பி தொடக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தாராம். தம்பி இரவில் திருட்டுத்தனமாக எடுத்து, நிலா வெளிச்சத்தில் நகல் எடுத்தாராம். ஜெர்மானியர்கள் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். வளர்ந்து, லைப்சிக் நகரத்து மாதா கோவில்களுக்கு இசை எழுதும் வேலையில் அமர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் புது இசை வேண்டும்! இரண்டு மனைவியரிடம் இருபது குழந்தைகள். கடைசிக் காலத்தில் கண் பார்வை போய்விட்டது. 1750-ல் காலமானார்.

தியாகராஜர் பிறந்தது 1767-ல், திருவாரூரில். அதாவது பாக் மறைந்து பதினேழு வருடம் கழித்து! தஞ்சை அரண்மனை அழைத்தும் அவர் போகவில்லை என்பார்கள். உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். ராமனைத் தவிர வேறு யாரையும் பாட மறுத்தார். 1847-ல் காவிரிக் கரையில் சமாதி ஆனார்.

இருவரும் சந்திக்கவே முடியாது. ஒருவர் பெயர் மற்றவர் காதில் விழுந்திருக்கவும் வழியில்லை. ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. பாக் தம் இசை ஏடுகளில் பலவற்றின் கடைசியில் மூன்று எழுத்து போடுவார். "பெருமை எல்லாம் கடவுள் ஒருவருக்கே" என்பது அதன் பொருள். தியாகராஜரும் அதையேதான் வாழ்நாள் முழுவதும் பாடினார்.

இந்த இருவரையும் இளையராஜா தம் வீட்டுக்கு அழைத்துவிட்டார்! தொகுப்பில் உள்ள பத்து உருப்படிகளில் ஒன்றுக்குப் பெயர், "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்". பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று அர்த்தம். அடுத்ததற்குப் பெயர், "அண்ட் வி ஹேட் எ டாக்". பிறகு பேசிக்கொண்டிருந்தோம்! இன்னொன்று, தியாகராஜரை ஓர் அறை வரவேற்கிறது என்று பெயர் கொண்டது. மேல்நாட்டில், பெரிய மண்டபம் இல்லாமல் ஓர் அறைக்குள் நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிக்கும் இசைக்கு "அறை இசை" என்றே பெயர். அந்த அறைக்குள் தியாகராஜர் வருகிறார்.

அசையும் சுரம், நிற்கும் சுரம்

இது என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். இங்கே கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும்.

நம் இசை ஒற்றை நூல். ஒருவர் பாடுகிறார். வயலின் அதே வழியில் பின்னால் வருகிறது. மிருதங்கம் தாளம் காக்கிறது. எத்தனை பேர் மேடையில் இருந்தாலும் மெட்டு ஒன்றுதான். அந்த ஒரே மெட்டில் சுரங்கள் அசையும். வளையும். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கமகம் என்கிறார்கள். கமகம் இல்லாவிட்டால் தோடி, தோடியாக இருக்காது.

மேல்நாட்டு இசை பல நூல்கள் சேர்ந்த துணி. ஒரே நேரத்தில் மூன்று, நான்கு மெட்டுகள் ஓடும். ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். பொருந்த வேண்டுமானால் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு சுரம் ஆடினாலும் பக்கத்தில் உள்ளதோடு மோதும்.

நம் சுரம் அசையும். அவர்கள் சுரம் நிற்கும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? சண்டை இல்லாமல் ஒரே வீட்டில் இரண்டு மருமகள்களை வைப்பது போல!

பாக் கைதேர்ந்த ஒரு வகை உண்டு. "ஃப்யூக்" என்பார்கள். பஜனை மடத்தில் பாகவதர் ஓர் அடி பாடி முடிப்பார். பிறகு கூட்டம் அதே அடியைத் திருப்பிப் பாடும். ஃப்யூக்கில் அப்படிக் காத்திருப்பது இல்லை. முதல் வாத்தியம் ஓர் அடியைத் தொடங்கி முடித்து அடுத்ததற்குப் போகும்போதே, இரண்டாம் வாத்தியம் முதல் அடியைப் பிடித்துவிடும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது நுழையும். ஒன்றை ஒன்று துரத்தும்! கேட்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் எழுதியவர் கணக்கில் ஒரு சுரம் கூடத் தப்பாது.

"மேட் மாட் மூட் ஃப்யூக்" என்ற உருப்படியில் இளையராஜா இந்தக் கணக்கையே நம் ராகத்தில் போட்டுப் பார்த்தார். பாக்கை வீட்டில் சந்தித்த உருப்படியில் பாக் வயலினுக்கு எழுதிய புகழ் பெற்ற ஒரு பகுதியே வருகிறது. அதன் பக்கத்திலேயே நம் ஊர் மெட்டு வந்து உட்காருகிறது. விருந்தாளியை வாசலில் நிறுத்தாமல் கூடத்தில் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. தனி வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துப் பழகியவர்தான். இரண்டு வழியும் அவர் விரலுக்குத் தெரியும். கமகம் வேண்டிய இடத்தில் சுரம் அசைகிறது. பின்னால் கூட்டம் நிற்கும்போது, அவரும் நிற்கிறார்.

எல்லாமே தாளில் எழுதிய இசை. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித் தனியாக எழுதிக் கொடுப்பார். வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிப்பார்கள்.

புதிது அல்ல இந்த உறவு

மேல்நாட்டு இசை நம் வீட்டுக்கு வந்தது அப்போதுதான் என்று எண்ண வேண்டாம். வயலினே அங்கிருந்து வந்ததுதானே! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது ஒரு வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றார். அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாமல் கச்சேரியே இல்லை. அண்ணன் தீட்சிதரும் சும்மா இருக்கவில்லை. மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சுமார் 40 பாட்டுகள் எழுதினார். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டில் அம்பாளைப் பாடினார். அரசர் போன இடத்தில் அம்பாள்!

புதுச்சேரிக்காரர்களுக்கு இது இன்னும் பழக்கமான விஷயம். 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. இன்றும் ஜூலை 14 அன்று பிரெஞ்சு தேசிய கீதம் இங்கே கேட்கும். பத்து வருடம், 1908 முதல் 1918 வரை, புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் அந்தக் கீதத்தைத் தமிழில் பெயர்த்திருக்கிறார். சங்கீதத்தைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். வித்வான்கள் பழைய கீர்த்தனைகளையே பொருள் தெரியாமல் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். புதிதாக வேண்டும் என்றார். ஒரு மாதா கோவில் தெருவும் ஒரு பெருமாள் கோவில் தெருவும் கூப்பிடும் தூரத்தில் இருக்கும் ஊரில், பாக்கும் தியாகராஜரும் சந்திப்பது அவ்வளவு அதிசயம் அல்ல.

ஊர் என்ன சொன்னது?

கேட்டவர்கள் மூன்று விதமாகப் பிரிந்தார்கள்.

சினிமாப் பாட்டுக்காகவே ராஜாவை நேசித்தவர்கள் குழம்பினார்கள். ராகம் புரிந்தது. துரத்தல் புரியவில்லை. வார்த்தை இல்லாததால் வாயில் முணுமுணுக்கவும் முடியவில்லை. பாட்டுப் போட்டு வாடிக்கையாளரைப் பிடிக்கும் டீக்கடைக்காரருக்கு இது ஏற்ற சரக்கு அல்ல.

சங்கீதம் படித்தவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தியாகராஜர் தனி, பாக் தனி, இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கச்சேரியில் வித்வான் அந்த நிமிஷத்தில் நினைத்ததைப் பாடுகிறார். ராகத்தை அரை மணி விரிப்பார். எழுதி வைத்துச் சில நிமிடத்தில் முடியும் இசையில் அந்தச் சுகம் கிடைக்காது. ஆனால் அந்தச் சுகத்தைத் தருவதாக இளையராஜா சொல்லவே இல்லையே! தொகுப்பில் ஓர் உருப்படிக்கு "டோன்ட் கம்பேர்" என்று பெயர். ஒப்பிடாதே! பதிலைக் கேள்வி வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்.

மூன்றாவது கூட்டம் இளைஞர்கள். பாக் என்ற பெயரையே இந்த நாடாவில்தான் முதலில் கேட்டவர்கள் அவர்களில் உண்டு. வெறும் வாத்திய இசையையும் உட்கார்ந்து கேட்கலாம் என்று அவர்கள் தெரிந்துகொண்டார்கள். அந்த நாடாவைப் பிரதி எடுத்து ஒருவருக்கு ஒருவர் கொடுத்தார்கள்.

பாக்கின் கதியும் இதுதான். அவர் இறந்த பிறகு பொது ஜனங்கள் அவரை மறந்தே போனார்கள். சங்கீதக்காரர்கள் மட்டும் நினைவு வைத்திருந்தார்கள். 1829-ல் மெண்டல்சோன் என்ற இருபது வயது இளைஞர், ஏசுநாதரின் பாடுகளைப் பற்றி பாக் எழுதிய பெரிய இசைக் காவியத்தைத் தூசி தட்டி எடுத்து பெர்லின் நகரில் நடத்தினார். பாக் மறைந்து 79 வருடம் ஆகியிருந்தது!

வீட்டுக்குள் வந்த இசை

இளையராஜாவின் தொகுப்பு அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. இரண்டே வருடம். அதை எடுத்துக்கொண்டவர் இயக்குனர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பக்கம் பிறந்தவர். 1988-ல் "வீடு" என்ற படத்தை வெளியிட்டார்.

படத்தில் பாட்டு கிடையாது. சண்டை கிடையாது. கதை இதுதான். சுதா என்ற பெண் வேலைக்குப் போகிறாள். வீட்டில் தங்கையும், வயதான தாத்தாவும். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாடகை வீடு தேடி அலைகிறாள். கிடைக்கவில்லை. கடைசியில், சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டத் துணிகிறாள். கடன் வாங்குகிறாள். நகை போகிறது. கட்டடக் காண்டிராக்டர் ஏமாற்றுகிறார். தாத்தா, அரைகுறையாய் நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியே கிளம்பி வருகிறார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். திரும்பும் வழியில் அவர் உயிர் பிரிகிறது. பிறகு, அந்த நிலமே அரசாங்கத்தின் குடிநீர்த் துறைக்கு உரியது என்று தெரிய வருகிறது.

சுதாவாக அர்ச்சனா. தாத்தாவாக நாடக மேடையில் பழுத்த சொக்கலிங்க பாகவதர். படம் பார்த்தவர்கள் தாத்தாவை மறக்க மாட்டார்கள்.

இந்தப் படத்துக்குப் புதிதாக இசை எழுதச் சொல்லாமல், "ஹவ் டு நேம் இட்?" தொகுப்பில் இருந்த உருப்படிகளையே பின்னணியாக வைத்தார் பாலு மகேந்திரா. படத்துக்காக எழுதாத இசை, படத்துக்காகவே எழுதியது போலப் பொருந்திவிட்டது! டீக்கடையில் புரியாத வயலின், செங்கல்லும் சிமெண்டும் விலை விசாரிக்கும் ஒரு பெண்ணின் பின்னால் கேட்டபோது, எல்லோருக்கும் புரிந்தது. மாதச் சம்பளத்தில் வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம் தமிழில் சிறந்த படம் என்ற தேசிய விருதைப் பெற்றது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது.

பாக் எழுதியது கோவிலுக்கு. தியாகராஜர் பாடியது ராமனுக்கு. இரண்டும் சேர்ந்து, சென்னையில் ஒரு குடித்தனக்காரப் பெண்ணின் கவலைக்குத் துணையாக வந்தன. இதை எழுதும்போது இளையராஜாவே நினைத்திருக்க மாட்டார்.

பிறகு

இளையராஜா அதோடு நிற்கவில்லை. 1988-ல், புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவை வைத்து "நத்திங் பட் விண்ட்" என்ற தொகுப்பைத் தந்தார். காற்று தவிர வேறொன்றும் இல்லை என்று பொருள். 1993-ல் லண்டன் சென்று, ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார். அது ஒலிப்பதிவானது. ஆனால் கடைக்கு வரவில்லை. ரசிகர்கள் வருடக் கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2005-ல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை, அங்கேரி நாட்டு புடாபெஸ்ட் வாத்தியக் குழுவோடு சேர்த்துக் கொடுத்தார். அப்போதும் பழைய சண்டைதான். "இது சிம்பொனியா, இல்லையா?" என்று பத்திரிகைகளில் வாதம் நடந்தது. மாணிக்கவாசகர் பாட்டில் இங்கிலீஷ் எதற்கு என்றும் கேட்டார்கள்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய முழு சிம்பொனி ஒன்று மேடை ஏறியது. அப்போது அவருக்கு வயது 81. பண்ணைப்புரத்துக்காரர் மேடைக்கு வர, லண்டன் மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

அந்த சிம்பொனிக்கு "வேலியண்ட்" என்று பெயர். வீரம் மிக்கது என்று அர்த்தம். இந்தத் தடவை பெயர் வைப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை!